அம்மாவோடு கண்டி அரண்மனைக்கு

28 பெப்ரவரி 2025, வெள்ளிக்கிழமை

போன புதன்கிழமை சிவராத்திரி. தோட்டத்துக் கோயிலில் கண் விழித்து உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் சாமப் பூசைக்கு முன்னால் அம்மா திடீரென்று கேட்டார்: "நீ பள்ளிக்கூடத்துல புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிற கண்டி ராசா, அவரு வீடு இன்னும் நிக்கிதா?"

நிற்கிறது என்றேன்.

"அப்ப ஒரு நாளைக்குப் போயிப் பாத்துட்டு வருவோம்."

அம்மாவுக்கு 67 வயது. 38 வருடம் தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்தவர். கொட்டகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்திலிருந்து கண்டிக்கு 75 கிலோமீட்டர் இருக்கும். ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறையும், சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு முறையும் அம்மா அங்கே போயிருக்கிறார். அரண்மனைப் பக்கம் போனதில்லை. நான் பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறவள். கண்டி இராச்சியத்தை வருடா வருடம் கரும்பலகையில் வரைகிறேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்றிரவு முழுக்க மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

இன்று பள்ளிக்கூடம் விட்டதும் ஹட்டனில் இரண்டரை மணி பஸ் பிடித்தோம். ஆளுக்கு 300 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கினிகத்தேனைத் திருப்பங்களில் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். வாந்தி வராமலிருக்க ஒரு தேசிக்காயை முகர்ந்துகொண்டே வந்தார். நாவலப்பிட்டிக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது எஞ்சினிலிருந்து புகை. பஸ் நின்றது நின்றதுதான். மழையும் சேர்ந்துகொண்டது. மீதிக் காசைத் திருப்பித் தரச் சொல்லி எல்லோரும் கேட்டோம். கண்டக்டர் "பின்னால வர்ற பஸ்ல ஏத்தி விடுறேன்" என்று சொல்லிவிட்டு டிரைவரோடு சேர்ந்து எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் யாரையும் ஏற்றிவிடவில்லை. காசும் வரவில்லை.

ரோட்டோரத்தில் தகரம் வேய்ந்த ஒரு சின்னக் கடை. கடைக்கார அம்மா சிங்களவர். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் உள்ளே போய் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அம்மே, மெத்தன வாடிவென்ன" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிளேன் டீ 50 ரூபாய், உளுந்து வடை 70. அம்மா மாத்திரை போடச் சுடுதண்ணி கேட்டோம்; அதற்குக் காசு வாங்கவில்லை. அந்த வடை நல்ல மொறுமொறுப்பு. இரண்டு சாப்பிட்டேன்.

கடைசியில் கம்பளை பஸ் ஒன்றில் நெரிசலோடு நெரிசலாக ஏறினோம். பல்கலைக்கழகத்துப் பையன் ஒருவன், நாங்கள் கேட்பதற்கு முன்பே எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தான். கம்பளையில் மாறி, பேராதனை தாண்டி, மஹியாவையில் இருக்கும் சித்தி வீட்டை அடைந்தபோது இரவு எட்டு மணி. சித்தி இடியப்பம் அவித்து, கிழங்குப் பிரட்டலும் கட்டச் சம்பலும் வைத்திருந்தார். அம்மா மூன்று இடியப்பத்தோடு போதும் என்று படுத்துவிட்டார். "நாளைக்கு மெதுவா போனாப் போதும் புள்ள" என்றார். அப்போதே முழங்கால் வீங்கித்தான் இருந்தது. எண்ணெய் காய்ச்சித் தடவிவிட்டேன்.

1 மார்ச், சனிக்கிழமை, காலை

வழிகாட்டி வைத்துக்கொள்ளவில்லை. வாசலில் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், வேண்டாம் என்றேன். எனக்குத் தெரிந்ததை அம்மாவுக்கு நானே, அம்மாவின் நடைக்கு ஏற்ற வேகத்தில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அரை நாள் போதும் என்று கணக்கு.

சித்தி வீட்டு ரோட்டிலிருந்து ஆட்டோக்காரர் 600 ரூபாய் கேட்டார். இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. சித்தி வந்து அதட்டியதும் 350க்கு இறங்கினார். எட்டரைக்கெல்லாம், புத்தரின் புனிதப் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகை முன்வாசலில் நின்றோம். வெயில் இன்னும் ஏறவில்லை. வாவிப் பக்கமிருந்து ஈரக் காற்று.

இந்த இடத்தில் அம்மா நின்றுவிட்டார். பாதுகாப்புச் சோதனைச் சாவடியையும் சீருடைக்காரர்களையும் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அடையாள அட்டைய எடு புள்ள" என்றார். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

எனக்குப் புரிந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அம்மாவுக்குப் பிரசாவுரிமை கிடையாது. 1948இல் எங்கள் தோட்டத்து மக்களிடமிருந்து பறித்த உரிமை அது. தாத்தா இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்தும் போகாமலே செத்துப்போனார். பெரியப்பா குடும்பம் கூடலூருக்குப் போய்விட்டது. அடையாள அட்டை இல்லாமல், தோட்டத்துக் கடிதம் ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு நடந்த காலம். 1998 ஜனவரி 25ஆம் திகதி இதே வாசலில் புலிகளின் குண்டு லொறி வெடித்தது. எனக்கு அப்போது 13 வயது. அந்த வாரம் முழுக்க அம்மா எங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. எங்கள் லயத்து வரிசை வீட்டுக் கதவைத் தாழ் போட்டு வைத்திருந்தார். கண்டி என்றால் அம்மாவுக்கு அந்த வாசல்தான்.

சோதனை செய்த பொலிஸ் பெண்ணுக்கு என் வயதிருக்கும். அம்மாவின் பையைத் திறந்தார். உள்ளே வெற்றிலைப் பை. சிரித்துக்கொண்டே தமிழில், "அம்மா, உள்ள போயி போடக் கூடாது, சரியா? எங்க இருந்து வாறீங்க?" என்றார். கொட்டகலை என்று அம்மா சொன்னதும், "அவ்வளவு தூரமா? கால் வலிக்கும், பக்கத்துப் பாதையால போங்க, படி குறைவு" என்று கையைக் காட்டினார். அம்மா அட்டைகளைத் திரும்பப் பையில் வைத்தார். பிறகு மத்தியானம் வரைக்கும் மூன்று முறை அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். "நல்லா இருக்கணும் அந்தப் புள்ள."

இலங்கைக்காரர்களுக்கு உள்ளே போகக் கட்டணம் இல்லை. செருப்பை வாசலில் கொடுத்துவிட்டு, ஒரு தட்டு நீலோற்பலப் பூ வாங்கினோம், 200 ரூபாய்.

அகழியைத் தாண்டும்போது வலது பக்கத்தில் எட்டுப் பட்டையாக நிற்கிறதே, அதுதான் பத்திரிப்புவ. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் கட்டியது. அவனுடைய சிற்பாசாரி தேவேந்திர மூலாச்சாரியின் கைவேலை. அந்த மாடத்தில் நின்றுதான் அரசன் மக்களுக்குக் காட்சி கொடுப்பானாம். இப்போது அதில் ஓலைச்சுவடிகளை வைத்திருக்கிறார்கள். அகழியை ஒட்டி அலை அலையாக ஓடும் மதிலையும், அதற்கு வெளியே வாவிக் கரையில் ஓடும் மேகச் சுவரையும் அம்மாவுக்குக் காட்டினேன். மதிலில் முக்கோண முக்கோணமாகத் துளைகள். "இது எதுக்கு?" என்றார். விளக்கு வைக்க. பெரஹரா ஊர்வல இரவுகளில் அத்தனை மாடத்திலும் எண்ணெய் விளக்கு எரியும். "கார்த்திகைக்கு நாம வைக்கிற மாதிரி" என்று தலையாட்டிக்கொண்டார்.

ஒன்பதரைப் பூசைக்கு மேளம் தொடங்கியது. மேல்மாடியில் வரிசை மெதுவாக நகர்ந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த ஏழு பேழைகளுக்குள் அந்தப் புனிதத் தந்தம். நாம் பார்ப்பது வெளிப்பேழையைத்தான், அதுவும் இரண்டு மூன்று விநாடிக்கு. கதவுக்கு நேரே வந்ததும் அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்து "முருகா" என்றார். முன்னால் நின்ற வெள்ளைச் சேலைப் பெண்மணி திரும்பிப் பார்த்து, தன் பூத்தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். எங்கள் தட்டை முன்பே வைத்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோயிலை விட அதைச் சுற்றியிருக்கும் அரண்மனைதான் எங்களுக்கு முக்கியம். நிறையப் பேர் தந்தத்தைத் தரிசித்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். பின்பக்கம் வந்தால்தான் அரசன் வாழ்ந்த இடம் தெரியும். நாங்களும் பின்பக்கத்தால் வெளியே வந்தோம். அங்கேதான் பிசகு நடந்தது. செருப்பு முன்வாசலில், நாங்கள் மறுபக்கத்தில். பத்தரை மணிக்குள் கல் தரை சூடேறிவிட்டது. திரும்ப நடந்து எடுத்துவர அம்மாவின் கால் இடம் கொடுக்கவில்லை. நான் முன்பே யோசித்து ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு வந்திருக்க வேண்டும். புல்லும் நிழலும் இருக்கும் இடமாகப் பார்த்துப் பார்த்து அம்மாவை நடத்தினேன். "மலையில அட்டைக் கடியோட நடந்தவ நான், இது என்ன" என்றார். இருந்தாலும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் நடந்தார். இங்கே வருகிறவர்கள் செருப்பைக் கையோடு எடுத்து வாருங்கள்.

மகுல் மடுவ

அரச சபை மண்டபம். சுவர் கிடையாது, மரத் தூண்களும் ஓட்டுக் கூரையும்தான். ராஜாதி ராஜசிங்கன் 1783இல் கட்டத் தொடங்கினான். ஒவ்வொரு தூணிலும் செதுக்கல். அம்மா ஒரு தூணின் அடியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். அங்கே காற்று நன்றாக வந்தது. தூண்களை எண்ண ஆரம்பித்து, முப்பதுக்கு மேல் குழம்பி, விட்டுவிட்டார்.

இங்கே உட்கார்ந்துதான் அம்மாவுக்குக் கதையைச் சொன்னேன்.

1739இல் நரேந்திரசிங்கன் வாரிசில்லாமல் இறந்தான். அவனுடைய பட்டத்து ராணி மதுரையிலிருந்து வந்தவள். அவளுடைய தம்பி அரசனானான். அதிலிருந்து 1815 வரை நான்கு அரசர்கள், நான்கு பேரும் நாயக்கர் வழி. இரண்டாமவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், சைவக் குடும்பத்திலிருந்து வந்தவன். 1753இல் சியாம் தேசத்திலிருந்து பிக்குமாரை வரவழைத்து, இந்த நாட்டில் அற்றுப்போயிருந்த உபசம்பதாவை, பிக்குமாரின் முழுத் துறவேற்பை, மீட்டவன் அவன்தான். கடைசி அரசனின் இயற்பெயர் கண்ணுசாமி.

"கண்ணுசாமியா?" அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் லயத்தில் மூன்றாவது காம்பராவில் ஒரு கண்ணுசாமி மாமா இருந்தார், போன வருடம்தான் தவறினார். "அப்ப ராசா நம்மாளா?"

பள்ளிக்கூடத்தில் இந்தக் கேள்விக்கு நான் நேராகப் பதில் சொன்னதில்லை. பரீட்சையில் வராது. அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்: தெலுங்கு வழி வந்த குடும்பம், தமிழ் பேசியவர்கள், சிங்கள நாட்டை ஆண்டவர்கள், புத்த சமயத்தைக் காத்தவர்கள். அந்தச் சபையில் சிங்களமும் தமிழும் இரண்டும் புழங்கின. கண்டியை ஆங்கிலேயருக்குக் கையளித்த 1815 ஒப்பந்தத்தில் சிங்களப் பிரதானிகள் சிலர் போட்ட கையெழுத்திலேயே தமிழ் எழுத்து இருக்கிறது. இன்றைக்கு நாம் கோடு போட்டுப் பிரிக்கிற மாதிரி அன்றைக்கு யாரும் பிரித்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஒப்பந்தத்தை வாசித்து முடித்தது இதே மண்டபத்தில்தான், 1815 மார்ச் 2ஆம் திகதி. சொல்லும்போதே எனக்குத் தட்டியது: நாளைக்கு மார்ச் 2. 210 வருடம். திட்டமிட்டு வரவில்லை.

பெப்ரவரி 14இல் ஆங்கிலேயர் கண்டிக்குள் நுழைந்தார்கள். 18ஆம் திகதி மெதமஹனுவரப் பக்கம் ஒளிந்திருந்த அரசனைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் ராணிகளின் காதிலிருந்த நகைகளைப் பிய்த்து எடுத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அம்மாவின் கை தானாகத் தன் காதுக்குப் போனது. பிறகு 12 பிரிவுகளோடு அந்த ஒப்பந்தம். ஐந்தாவது பிரிவு எல்லோருக்கும் தெரியும், புத்த சமயத்தைக் காப்போம் என்பது. நான் அம்மாவுக்குச் சொல்ல நினைத்தது மூன்றாவது பிரிவை. போனில் ஆங்கில வாசகத்தை வைத்துக்கொண்டு வரி வரியாகத் தமிழில் சொன்னேன்: அரசனின் உறவுக்காரரான ஆண்கள் எல்லோரும் கண்டிப் பிரதேச அரசுக்குப் பகைவர். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் இங்கே கால் வைத்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை. வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்களும் அனுமதி இல்லாமல் திரும்பி வரக் கூடாது, வந்தால் அதே தண்டனை.

"மலபாருன்னா?"

"அப்போது வெள்ளைக்காரன் தமிழரை அப்படித்தான் எழுதினான்மா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் எப்ப வந்தாங்க?"

1823 என்று கணக்கு வைத்து, போன வருடத்துக்கு முந்தின வருடம் மலையகம் 200 என்று நினைவுகூர்ந்தோம். கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியவில் கோப்பித் தோட்டம் போட்டபோது தொடங்கியது.

"அப்ப எட்டு வருசம்." அம்மா விரலை மடக்கி எண்ணினார். "வரக் கூடாதுன்னு எழுதி வச்சுட்டு, எட்டு வருசத்துல அவனே ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வந்தானா?"

ஆமாம் என்றேன். வரலாற்று ஆசிரியையாக 16 வருடம் இருக்கிறேன். இரண்டு பாடத்தையும் தனித்தனி மாதங்களில் படிப்பிக்கிறேன், ஒப்பந்தம் ஒரு பாடம், பெருந்தோட்டம் இன்னொரு பாடம். இரண்டுக்கும் நடுவில் எட்டு வருடம்தான் என்று அம்மாவைப் போல விரல் மடக்கி எண்ணி நான் பிள்ளைகளுக்குக் காட்டியதே இல்லை. அடுத்த தவணையில் அப்படித்தான் தொடங்கப்போகிறேன்.

அடுத்து பழைய அரசன் மாளிகைக்கு, மஹா வாசலவுக்குப் போனோம். நீளமான, தாழ்ந்த கட்டடம். இப்போது தொல்பொருள் காட்சிக்கூடம். அரண்மனை என்றதும் பெரிய கோபுரமும் மாடமும் இருக்கும் என்று அம்மா எதிர்பார்த்திருந்தார். "இவ்வளவுதானா?" என்று கேட்டார். தடித்த சுவர், மர வாசல்கால், குளிர்ந்த தரை. எனக்கு இந்த எளிமைதான் பிடித்தது. வாசல என்ற சொல்லைக் கேட்டதும், "நம்ம வாசல்தானே அது" என்றார் அம்மா.

இராணிகள் வாழ்ந்த பல்லே வாசலவில் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளூர்க்காரருக்குச் சின்னத் தொகைதான் கட்டணம். வாள்கள், நகைகள், தந்த வேலைப்பாடுகள் எல்லாவற்றையும் அம்மா வேகமாகத் தாண்டினார். பாக்குவெட்டிகளும் சுண்ணாம்புச் சிமிழ்களும் இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மட்டும் பத்து நிமிடம். "ராணியும் வெத்தல போட்டிருக்கா பாரு." ஒவ்வொரு பாக்குவெட்டியின் பிடியையும் குனிந்து குனிந்து பார்த்தார். ஒன்று எங்கள் அம்மாயி வைத்திருந்ததைப் போலவே இருக்கிறது என்று சத்தியம் பண்ணினார். 1815 ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றும் அங்கே இருக்கிறது. "இதுவா அந்தக் காகிதம்?" என்று கிட்டப் போய் நின்றார். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் மேலிருந்து கீழே வரைக்கும் முழுவதையும் பார்த்து முடித்துத்தான் நகர்ந்தார்.

1 மார்ச், மத்தியானத்துக்குப் பிறகு

நாத தேவாலயப் பக்கம் நிழலுக்குப் போனோம். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கண்டியில் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது. அங்கிருந்து பத்தினி தேவாலயம். பத்தினி என்றால் நம் கண்ணகிதான் என்றதும் அம்மா களைப்பையெல்லாம் மறந்துவிட்டார். பூசாரியான கப்புறாளை பழத்தட்டை வாங்கி, சிங்களத்தில் நீளமாக வேண்டி, அம்மாவின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்தார். அம்மாவும் தன் பங்குக்குத் தமிழில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பூசை ஒன்று, மொழி இரண்டு.

திரும்பி முன்வாசலுக்கு வரும் வழியில் மத்தும பண்டாரவின் சிலை. இந்தக் கதையைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். கண்ணுசாமியைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது சரியில்லை என்று பட்டது. சொன்னேன். அரசனின் முதன்மை அமைச்சனாக, 'அதிகாரம்' என்ற பதவியில் இருந்த எஹெலப்பொல ஆங்கிலேயர் பக்கம் போய்விட்டான். 1814இல் அரசன் அவனுடைய மனைவியையும் பிள்ளைகளையும் பிடித்து, தேவாலயத்துக்கு முன்னால் தண்டனை கொடுத்தான். மூத்தவன் பயந்து தாயின் பின்னால் ஒளிந்தபோது, இளையவன் மத்தும பண்டார, சின்னப் பையன், நான் முதலில் போகிறேன் என்று கழுத்தை நீட்டினான். பிறகு அந்தத் தலைகளை உரலில் போட்டு இடிக்கும்படி தாயிடமே சொன்னார்கள் என்பது கதை. அவளைப் போகம்பறைக் குளத்தில் மூழ்கடித்தார்கள்.

அம்மா சிலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உரல்லயா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம், "அவன் நம்மாளா இருந்தா என்ன, யாரா இருந்தா என்ன புள்ள. தாயி கையில உலக்கையக் குடுத்தவன்." கையில் வைத்திருந்த அந்த நீலோற்பலப் பூவை, காலையிலிருந்து வாடாமல் முந்தானையில் சுருட்டி வைத்திருந்ததை, சிலைக்குக் கீழே வைத்தார்.

செருப்பு கிடைத்தது. அம்மாவின் உள்ளங்கால் சிவந்து கிடந்தது.

சாப்பாட்டுக்குச் சைவக் கடை ஒன்று. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, வல்லாரைச் சம்பல், அப்பளம், 450 ரூபாய். ரசம் கேட்கக் கேட்க ஊற்றினார்கள். பரிமாறிய தம்பி பதுளைப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். அம்மா தோட்டப் பெயரைச் சொன்னதும், "எங்க அத்தைய அங்கதான் கட்டிக் குடுத்துருக்கு" என்றான். அப்புறம் இலையில் சோறு குறையவே இல்லை. கடைசியில் ஒரு பாயசம் கொண்டு வந்து வைத்தான். பில்லில் அது இல்லை.

அரை நாள் திட்டம் முடிந்துபோயிருந்தது. அம்மாவுக்கு வாவிக் கரையில் உட்கார வேண்டும். 1807இல் அதே அரசன் வயலை மறித்து வெட்டிய வாவி. கிரி முஹுத, பாற்கடல் என்று பெயர். கூலியில்லாத இராஜகாரிய வேலையாக ஆயிரக்கணக்கில் ஆட்களைப் பிடித்து வெட்ட வைத்தான். நடுவிலிருக்கும் சின்னத் தீவில் வெள்ளைக்காரன் பிறகு வெடிமருந்து வைத்திருந்தான். நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. ராணிகள் குளித்த மண்டபத்துக்குப் பக்கத்தில் மரத்தடி வாங்கில் அம்மா ஒருவழியாக வெற்றிலைப் பையைத் திறந்தார்.

மூன்று மணிக்கு இடி. ஐந்து நிமிடத்தில் வாவியின் மறுகரை தெரியவில்லை. அருகிலிருந்த பஸ் தரிப்பிடத்துக்கு ஓடினோம். ஓடினோம் என்றால், நான் அம்மாவைத் தாங்கிக்கொண்டு நடந்தேன். அங்கே பள்ளிப் பிள்ளைகள், ஒரு பிக்கு, லொத்தர் விற்கும் மனிதர், குடை இல்லாத ஒரு வெளிநாட்டு ஜோடி. பிக்கு தன் குடையை விரித்து, சாரல் அம்மா மேல் விழாதபடி பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே நின்றார். எதுவும் பேசவில்லை. மழை விட்டதும் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

2 மார்ச், ஞாயிற்றுக்கிழமை

ரயிலில் திரும்பலாம் என்று நினைத்திருந்தோம். கண்டி ஸ்டேஷன் மேடையில் சுற்றுலாப் பயணிகளின் கூட்டத்தைப் பார்த்ததும் அந்த ஆசையை விட்டுவிட்டேன். அம்மாவால் மூன்று மணி நேரம் நிற்க முடியாது. மறுபடியும் பஸ்தான். இந்த முறை ஜன்னல் சீட்டு கிடைத்தது, வழியில் எதுவும் உடையவில்லை.

சித்தி கட்டித் தந்த ரொட்டியும் சம்பலும் மடியில். பேராதனைப் பாலம் தாண்டியதும் அம்மா கேட்டார், ராசாவை எங்கே கொண்டுபோனார்கள் என்று. 1816 ஜனவரியில் கொழும்பில் கப்பலேற்றி மதராசுக்கு, அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கு. 16 வருடம் அங்கே இருந்து 1832 ஜனவரி 30இல் இறந்தான். பாலாற்றங்கரையில் சமாதி இருக்கிறது.

"பொண்டாட்டிமார்?"

"அவங்களையும் கூடத்தான் அனுப்பினாங்க."

"காது அறுந்ததோடயா," என்றார். பிறகு வெகுநேரம் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தார். அவன் உட்கார்ந்த சிம்மாசனம் இங்கிலாந்துக்குப் போய் 1934இல் திரும்பி வந்தது, கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று சொன்னேன். அதில் அம்மாவுக்கு அக்கறை இல்லை.

கம்பளையில் பஸ் பத்து நிமிடம் நின்றது. "நீ சொன்ன அந்தக் கோப்பி மலை இங்கதானா? எந்தப் பக்கம்?" ஊருக்கு வெளியே சின்னப்பிட்டிய இருக்கும் திசையைக் கை காட்டினேன். வீடுகளும் தென்னையும் பலா மரங்களும்தான் தெரிந்தன. அம்மா எழுந்து, பக்கத்துச் சீட்டுக்காரரிடம் கொஞ்சம் நகரச் சொல்லி, அந்தப் பக்க ஜன்னலால் குனிந்து பார்த்தார். கண்டக்டர் விசில் அடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாவலப்பிட்டிக்கு மேலே அந்தத் தகரக் கடையைத் தாண்டும்போது கதவு சாத்தியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. அம்மா கை காட்டிக்கொண்டே போனார்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது மூன்றரை மணி, நல்ல குளிர். நான் தண்ணீர் காய வைத்துவிட்டு வெளியே பார்க்கிறேன், அம்மா காலைக்கூடக் கழுவாமல் பீலிக்கரையில் நிற்கிறார். சுற்றி நாலைந்து பெண்கள், குடங்கள் வரிசையில். பொலிஸ்காரப் பெண் தமிழ் பேசியது, பூ, பாயசம், பாக்குவெட்டி எல்லாம் சொல்லி முடிந்திருந்தது.

"அங்க ஒரு காகிதம் வச்சிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நம்மள வரக் கூடாதுன்னு எழுதின காகிதம். கண்ணாடிக்குள்ள. நான் கிட்டப் போயி நின்னு பாத்துட்டு வந்தேன்."